பன்னிரண்டு ஜெர்சிகளின் அளவுச் சீட்டு

ராமுத்தாய்க்கு எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் சோறு இறங்கும். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃபைனல் செக்கிங் மேஜையில் பதினோரு வருஷமாக நிற்கிறவள். ஒரு டி-சர்ட் கைக்கு வந்தால் முதலில் அதை உள்வெளியாகத் திருப்பி, தையல் வழியே கட்டைவிரலை ஓட்டிவிட்டு, அப்புறம்தான் முகப்பைப் பார்ப்பாள். அது தொழில். ஆனால் கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் ரவிக்கைக் கையைத் திருப்பிப் பார்த்து, இந்தத் தையலுக்கா கூலி கொடுத்தாய் என்று கேட்பது எந்தத் தொழிலிலும் சேராது. அவளோடு ஜவுளிக்கடைக்குப் போக அக்கம்பக்கத்தில் ஒருத்தியும் சம்மதிப்பதில்லை.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து தொண்ணூற்றொன்றில் புருஷன் சுடலையோடு பஸ் ஏறி வந்தவள். சுடலை துணி ரோல் ஏற்றும் டெம்போ ஓட்டினார். இவள் தையல்காரர்களுக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் ஆரம்பித்து, பிசிறு வெட்டி, செக்கிங்குக்கு வந்து சேர்ந்தாள். அவளை மேலே கொண்டு வந்தது அவளுடைய கேள்விதான். இந்த லேபிளை ஏன் இடது பக்கம் வைக்கிறார்கள், இந்தக் கழுத்துக்கு ஏன் இரண்டு தையல் என்று கேட்டுக் கேட்டு, கேட்டதற்குப் பதில் வரும்வரை எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருமுறை சரக்கு வாங்க ஜெர்மனியிலிருந்து வந்த பையரிடமே, உங்கள் ஊரில் ஆட்களுக்குக் கழுத்து இவ்வளவு நீளமா என்று கேட்டுவிட்டாள். மொழிபெயர்க்க வேண்டிய பையன் அதை விழுங்கிவிட்டு, மேடம் நன்றி சொல்கிறார் என்று சொல்லிச் சமாளித்தான்.

கெட்ட பீஸ் கண்ணில் பட்டால், கெட்ட இடத்தைக் காட்டச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கர் சீட்டு எப்போதும் ராமுத்தாயின் மணிக்கட்டு வளையலில் செருகியிருக்கும். வீட்டுக்கு வந்தும் கழற்ற மாட்டாள்.

அவளுக்கு ஒரே மகள், நதியா. கபடியில் ரெய்டு போகிறவள். பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கியதால், இரண்டாயிரத்து ஆறில் அவிநாசி வழியில் இருந்த ஒரு மகளிர் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். அந்த அணி அடுத்த ஆண்டே பல்கலைக்கழகக் கோப்பையை ஜெயித்தது. ராமுத்தாய் அந்தக் கோப்பையையும் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தாள் என்று சொல்வார்கள். அவளைத் தெரிந்தவர்கள் அதை நம்பாமல் இருக்க முடியாது.

கோப்பை வந்த ஆறாவது மாதம் எல்லாம் கலைந்தது. ஆஷா என்று ஒரு பெண், அதே அணியில் ஆடியவள், கல்லூரியின் பி.டி. சார் தன்னிடமும் மற்ற பெண்களிடமும் முறைகேடாக நடந்துகொள்கிறார் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தாள். அந்த ஆள் கைதானான். பத்திரிகையில் நாலு நாள் வந்தது. பிறகு பொங்கல் முடிந்து பல்கலைக்கழகத்திலிருந்து தீர்ப்பு வந்தது. கல்லூரியின் கபடி அணி இரண்டு வருஷம் எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது, ஜெயித்த கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், விளையாட்டு ஒதுக்கீடும் சலுகைகளும் நிறுத்தப்படும். ஆஷா படிப்பை விட்டு முன்பே போய்விட்டிருந்தாள். மீதிப் பதினோரு பெண்களும் ஹாஸ்டலைக் காலி செய்து பெட்டியும் கையுமாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

இது நியாயமா என்ற கேள்வி ராமுத்தாயை அன்றே பிடித்துக்கொண்டது. கோபமாக அல்ல. ஒரு புதுத் தினுசுத் தையலைப் பார்த்ததுபோல, இதை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பஸ்ஸில் கேட்டாள், ரேஷன் கடை வரிசையில் கேட்டாள், மேஜையில் பக்கத்தில் நிற்கும் வேலாத்தாளிடம் தினமும் கேட்டாள். பாதிப் பேர் அநியாயம் என்றார்கள். பாதிப் பேர் அந்தக் கல்லூரியையே இழுத்துப் பூட்ட வேண்டும் என்றார்கள். ஏன் என்று அடுத்த கேள்வி கேட்டால் இரண்டு கட்சியும் பேச்சை மாற்றின.

தெளிவாகப் பேசினவர் செந்தில்வேல் ஒருவர்தான். அணித் தலைவி கிருத்திகாவின் அப்பா. பரம்பரையாகத் தறி ஓட்டிய குடும்பம், இப்போது பத்து மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க் செய்கிறார். சட்டைப்பையில் முருகன் படமும், பேச்சில் குறையாத மரியாதையும் உள்ள மனுஷர். அவர் வீடு வீடாகப் போய், தடையை நீக்கக் கோரும் மனுவில் பெற்றவர்களின் கையெழுத்தை வாங்கிக்கொண்டிருந்தார். மறு விசாரணைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வருகிறது, பதினோரு குடும்பமும் ஒன்றாகக் கேட்டால்தான் எடுபடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பத்துக் கையெழுத்து ஆகியிருந்தது. பதினோராவது ராமுத்தாயுடையது.

"ஏனுங்கக்கா, தப்புப் பண்ணுனது ஒரு ஆளுங்க. அவனை உள்ள தூக்கி வெச்சாச்சு. இந்தப் பதினொரு புள்ளைகளும் என்னங்க பண்ணுச்சு? வேதனைப்பட்டதும் இவங்க, தண்டனையும் இவங்களுக்குங்களா?"

 அவர் சொன்னதில் ஒரு பிசிறு கூட இல்லை. நதியாவுக்கு அடுத்த வருஷம் கடைசி வருஷம். அந்த ஒரு வருஷம் ஆடிச் சான்றிதழ் வாங்கினால் போலீஸிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். ஆடாவிட்டால் அவளும் இதே செக்கிங் மேஜையில் அம்மா பக்கத்தில் வந்து நிற்க வேண்டியதுதான். இருந்தும் ராமுத்தாய் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். படிக்காமல் எதையும் பாஸ் பண்ணும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த வாரம்தான் கம்பெனியில் ஒரு லாட் ரிஜெக்ட் ஆனது. மூவாயிரம் பீஸ், பெட்டி கட்டி முடித்தாயிற்று. பையர் தரப்பிலிருந்து ஆய்வுக்கு வருகிற திருமூர்த்தி, தன் கணக்குப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக நூற்றிருபத்தைந்து பீஸை உருவினார். அதில் ஏழு வரை கெட்டிருந்தால் மன்னிப்பு உண்டு. எட்டு கெட்டிருந்தது. மொத்த லாட்டும் திரும்பியது. மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ராமுத்தாய்க்கும் முகம் செத்துப்போயிற்று, ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. எட்டுப் பீஸுக்காக மூவாயிரத்தைத் தள்ளுவது என்ன நியாயம், நல்ல பீஸ் என்ன பாவம் செய்தது என்று திருமூர்த்தியை நேராகவே கேட்டாள்.

"அக்கா, நான் துணிய ரிஜெக்ட் பண்ணலீங்க," என்றார் அவர். "கண்ணை மூடிட்டு உருவுனதுலயே எட்டு கெட்டது என் கைக்கு வருதுன்னா, இந்த மேசையில யாரும் பாக்கலைன்னு அர்த்தம். நான் ரிஜெக்ட் பண்ணுனது உங்க செக்கிங்கத்தானுங்க."

அப்படியானால் நல்ல பீஸை என்ன செய்வது என்று கேட்டாள். பெட்டியைப் பிரியுங்கள், ஒவ்வொன்றாகப் பாருங்கள், நல்லதைத் தனியாக எடுத்து வையுங்கள், அது எங்கேயும் போகாது என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

பதினோரு வருஷமாக இந்த முறையில் வேலை செய்கிறாள், ஒருநாளும் இதை இப்படித் திருப்பிப் பார்க்கத் தோன்றியதில்லை. பிரித்த பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அவள் கல்லூரியை நினைத்தாள். தண்டனை பெண்களுக்கு அல்ல என்று வைத்துக்கொள்வோம். பார்த்திருக்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை, அதற்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அங்கே செக்கிங் யார்? வார்டனா, பிரின்சிபாலா, ஆபீஸா? எந்த இடத்தில் கண்ணை விட்டார்கள்? இது தெரியாமல் அவளால் இருக்க முடியாது. தெரிந்துகொள்ள ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலம்பாளையத்தில் ஆஷாவின் வீட்டைத் தேடிப் போனாள். நாசரேத் பக்கத்துக் குடும்பம், ஆறு வீடு வரிசையாக நிற்கும் லைன் வீட்டில் நாலாவது. அப்பாவும் அம்மாவும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். ஆஷா போகவில்லை. தரையில் குவித்த டி-சர்ட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். ராமுத்தாயைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். மற்ற பெண்களின் வீடுகளிலிருந்து சிலர் வந்து, உன்னால்தானே எல்லாம் போச்சு என்று ஏசிவிட்டுப் போயிருந்தார்கள். இவளும் அதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள்.

ராமுத்தாய் எதிரே உட்கார்ந்து, இன்னொரு கத்திரியை எடுத்துக்கொண்டு, தானும் பிசிறு வெட்ட ஆரம்பித்தாள். பத்துப் பதினைந்து பீஸ் முடிந்த பிறகுதான் கேட்டாள். எப்போது ஆரம்பித்தது என்று மட்டும் சொன்னால் போதும், வேறு எதுவும் சொல்ல வேண்டாம் என்றாள்.

ஆஷா தலை நிமிரவில்லை. "சேர்ந்த மாசமே அத்த. ஜெர்சிக்கு அளவெடுக்கணும்னு அவரு ரூமுக்குக் கூப்பிட்டாரு. ஒவ்வொருத்தரா, தனித்தனியா."

ராமுத்தாயின் கத்திரி நின்றது.

"எதுக்கு சார் இவ்வளவு அளவுன்னு கேட்டேன். தைக்கிறவங்க கேட்டிருக்காங்க, நதியாவோட அம்மாதான் கேட்டாங்கன்னு சொன்னாரு."

அதற்குப் பிறகு ராமுத்தாய் அங்கே எவ்வளவு நேரம் இருந்தாள், என்ன சொல்லிவிட்டு எழுந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. கையில் கத்திரியோடு தெருவில் நடந்து வந்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில்தான் அதைக் கவனித்து, திரும்பப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

விஷயம் இதுதான். அந்த ஜெர்சிகளை இரண்டு வருஷமும் தைத்துக் கொடுத்தது ராமுத்தாயின் கம்பெனி. மிச்சத் துணியில் தைத்துக்கொள்ள முதலாளியிடம் அனுமதி வாங்கியது ராமுத்தாய். முதல் வருஷம் பி.டி. சார் நதியாவின் கையில் ஒரு சீட்டு கொடுத்தனுப்பியிருந்தார். பன்னிரண்டு பெண்களின் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பத்து அளவு. தோள், மார்பு, இடுப்பு மட்டுமல்ல, தொடை மேல்பக்கம், தொடை கீழ்ப்பக்கம் வரை, கால் அங்குலம் பிசகாமல்.

திருப்பூரில் பிறந்த பிள்ளைக்குக் கூடத் தெரியும். பனியன் துணி இழுத்தால் இழுபடும், விட்டால் சேர்ந்துகொள்ளும். அதற்கு யாரும் ஆளை அளப்பதில்லை. ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று எழுத்துச் சொன்னால் ஊரையே தைத்துக் கொடுத்துவிடலாம். உலகத்துக்கே அப்படித்தான் தைத்து அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டை ராமுத்தாய் சாப்பாட்டு நேரத்தில் மேஜையில் விரித்துக் காட்டினாள். வேலாத்தாளும் மற்றவர்களும் வாங்கி வாங்கிப் படித்தார்கள். பனியனுக்குத் தொடை அளவு எடுக்கிற வாத்தியாராம் என்று ஒருத்தி சொல்ல, புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள். அந்தப் பத்து அளவில் ஒன்றைக் கூடப் பார்க்காமல், பெண்களைக் கண்ணால் பார்த்த நினைவிலேயே ஸ்மால் நாலு, மீடியம் ஆறு, லார்ஜ் இரண்டு என்று தைத்துக் கொடுத்தாள். சரியாக இருந்தது.

இரண்டாம் வருஷமும் அதே மாதிரி ஒரு சீட்டு வந்தது. இந்த முறை ராமுத்தாய்க்கு எரிச்சல்தான் வந்தது. எஸ், எம், எல் போதும் என்று உங்கள் சாரிடம் சொல்லு என்றாள் நதியாவிடம். அதற்கு நதியா ஒரு பதில் சொன்னாள். அந்தப் பதில் இப்போது ஓடுகிற பஸ்ஸில் ராமுத்தாயின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. "நீயே ஒரு நடை வந்து சொல்லேம்மா," என்றிருந்தாள் மகள். ஷிப்மெண்ட் இருக்கிறது, சரக்கு கப்பலுக்குக் கிளம்ப வேண்டும், அதற்கெல்லாம் நேரமில்லை என்று இவள் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பட்டன் டப்பாவைக் கவிழ்த்தாள். எதையும் எறியாத பழக்கம் அவளுக்கு. முதல் வருஷச் சீட்டு நாலாக மடித்து அடியில் கிடந்தது. விரித்தாள். எல்லாவற்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறவள், இதை ஒருநாளும் திருப்பியிருக்கவில்லை. பின்பக்கத்தில் கல்லூரி ஆபீஸின் முத்திரை இருந்தது. 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து.

மறுநாள் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. நதியா குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ராமுத்தாய் அடுத்த குடத்தை நீட்டியபடி, உன்னையும் அளந்தானா என்று கேட்டாள். மூன்று நாள் யோசித்தாலும் அந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்க அவளுக்கு வந்திருக்காது.

"லிஸ்ட்டுல எம் பேரு மூணாவதா இருக்குல்லம்மா," என்றாள் நதியா.

"ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். நீயே வந்து சொல்லுன்னு சொன்னேன்."

குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்ற பெண் குழாயை மூடச் சொன்னாள். ராமுத்தாய் குடத்தை இடுப்பில் ஏற்றாமல் கையிலேயே தூக்கிக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, இதற்கப்புறமும் உனக்கு அந்தக் கபடி வேண்டுமா என்று கேட்டாள். அவள் வாழ்க்கையில் கேட்ட கேள்விகளில் அவளுக்குப் பதில் தெரியாமல் பயந்து கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"கபடி என்னம்மா பண்ணுச்சு?" என்றாள் நதியா. "அவனுக்கு முன்னாடியே எனக்கு ஆடத் தெரியும்."

அன்று மாலை செந்தில்வேல் மனுவை வாங்கிக்கொள்ள வந்தார். ராமுத்தாய் கையெழுத்துப் போடவில்லை. மனுவின் நடுவில் ஒரு வரிக்கு நேராகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருந்தாள். 'பெற்றவர்களாகிய எங்களில் எவருக்கும் இதுபற்றிச் சிறு சந்தேகமும் வர வழியில்லை' என்ற வரி. இதை எடுத்துவிட்டால் போட்டுவிடுகிறேன் என்றாள். அந்த வரிதான் மனுவுக்கே உயிர், அதை எடுத்தால் நமக்கும் பொறுப்பு உண்டு என்று ஆகிவிடும் என்று அவர் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். ஆகட்டும் என்றாள் இவள். அவர் முதன்முறையாக மரியாதையைக் கொஞ்சம் குறைத்து, உங்கள் மகள் வாழ்க்கையில் நீங்களே மண்ணைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அது சுருக்கென்றுதான் இருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. சுடலை விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, டெம்போவின் டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பிறகு, போய்ச் சொல்லிவிட்டு வா என்று மட்டும் சொன்னார்.

குழு பிப்ரவரி கடைசியில் கல்லூரிக்கே வந்தது. மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற பேராசிரியை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்த ஒரு அம்மா. செந்தில்வேல் மனுவைப் படித்தார். நன்றாகவே படித்தார். பெண்களின் பெயர்களைத் தாளைப் பார்க்காமலே சொன்னார், அந்த அக்கறையில் பொய் இல்லை. கையெழுத்துப் போடாத ஒருவர் இருக்கிறாரே, ஏன் என்று அந்த அம்மா கேட்டபோது ராமுத்தாய் எழுந்து போய்ச் சீட்டை மேஜையில் வைத்தாள்.

பனியன் துணியைப் பற்றி அவள் விளக்கியது கொஞ்சம் நீண்டுவிட்டது. தான் கட்டியிருந்த சேலை இழுபடாது என்பதால், குழுவில் இருந்த ஒருவரின் பனியன் துணிச் சட்டைக் காலரை இழுத்துக் காட்டப் போனாள். அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். ஆனால் அந்த அம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. சீட்டைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"இது உங்க கைக்கு எப்ப வந்துச்சு?"

"ஒன்றரை வருசமாச்சும்மா."

"அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"சிரிச்சோம்மா," என்றாள் ராமுத்தாய். "மேசையச் சுத்தி அஞ்சு பேரு, சோத்து நேரத்துல, அந்தச் சீட்ட வாங்கி வாங்கிப் படிச்சுச் சிரிச்சோம்."

 அந்த அம்மா அதை எழுதிக்கொள்ளவில்லை. ராமுத்தாய்தான் தொடர்ந்தாள். தண்டனை சரியில்லை என்று சொல்லத் தனக்கு வாயில்லை என்றாள். ஆபீஸில் முத்திரை குத்தியவன் பார்க்கவில்லை, வார்டன் பார்க்கவில்லை, பதினோரு வருஷம் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட தானும் பார்க்கவில்லை. அதற்கு இந்தக் காலேஜைத் தள்ளி வையுங்கள், கோப்பையை எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் ஒரு லாட் திரும்பி வந்தால் நாங்கள் பெட்டியோடு குப்பையில் போடுவதில்லை, பிரித்துப் பார்ப்போம். இந்தப் பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்கப் பார்த்திருக்க வேண்டியவர்களிடம். பிள்ளைகளை வேறு எங்கேயாவது ஆட விடுங்கள், ஆஷாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றாள். பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேச அவளிடம் லாட்டையும் பெட்டியையும் விட்டால் வேறு வார்த்தை இருக்கவில்லை. அதற்காக அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

வெளியே வராந்தாவில் செந்தில்வேல் நின்றிருந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டே அவரைத் தாண்டினாள். அவர் ஏசவில்லை.

"ஏனுங்கக்கா," என்றார். "எம்பட புள்ள பேரும் அந்தச் சீட்டுல இருக்குங்களா?"

"மொதப் பேரே அதுதான் தம்பி."

அவர் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போய், அங்கே முருகன் படம் இருந்ததால் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் எழுந்திருக்கும்வரை ராமுத்தாயும் பக்கத்தில் நின்றாள். 

ஏப்ரலில் முடிவு வந்தது. தடை அப்படியே இருக்கும். கோப்பை திரும்ப வராது. ஆபீஸில் முத்திரை குத்தியவர்மீதும் விசாரணை உண்டு. அணியில் இருந்த பெண்கள் விரும்பினால் சலுகையோடு வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம், தடை முடியும்வரை காத்திருக்காமல் அந்த வருஷமே ஆடலாம். படித்துக் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிருத்திகாவும் இன்னும் இரண்டு பெண்களும் கடைசி வருஷத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு மாறுவதற்கு வருஷமே மிச்சமில்லை. ஆஷா மறுபடி கபடிக் கோட்டை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ராமுத்தாய் மூன்று தரம் போய்ப் பேசியும் அவள் மனம் மாறவில்லை. நாலாவது தரம் போனபோது கபடியைப் பற்றிப் பேசாமல் பிசிறு மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். இந்த நாலு பேருக்கும் என்ன நியாயம் கிடைத்தது என்று அவள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். வேலாத்தாளுக்குப் பதில் தெரியவில்லை. திருமூர்த்திக்கும் தெரியவில்லை. கேட்டபோது அவர், எங்கள் கணக்கில் அதற்கு இடமில்லைங்க அக்கா என்று ஒத்துக்கொண்டார்.

நதியா ஜூனில் தாராபுரத்தில் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருஷம் சேர்ந்தாள். ஜூலையில் போன் வந்தது. அணிக்கு ஜெர்சி தைக்க வேண்டும், அங்கே பயிற்சி கொடுப்பது ஒரு மேடம், எஸ் எவ்வளவு எம் எவ்வளவு என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார் என்று நதியா சொன்னாள். தைத்துப் பார்சல் போட்டால் போதும், பஸ்ஸில் கொடுத்துவிட்டால் நானே நிலையத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னாள்.

ஜெர்சி தயாரான அன்று கம்பெனியில் ஒரே அமளி. பெட்டிகள் வாசல்வரை அடுக்கியிருந்தன. ராமுத்தாய் பன்னிரண்டு ஜெர்சிகளையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மேனேஜரிடம் போய் அரை நாள் லீவு கேட்டாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு நாளில் அவள் லீவு கேட்டதில்லை. திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று மிரட்டினார். சரிங்க என்று சொல்லிவிட்டுத் தாராபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மைதானத்துக்குப் போகும் வழியைக் கேட்டுக் கேட்டுப் போனாள். பெண்கள் செம்மண்ணில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி மேடத்தை எட்ட நின்று ஒரு பார்வை பார்த்தாள். கிட்டப் போய் இன்னொரு பார்வை பார்த்தாள். அறை எங்கே இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கும், பெண்கள் எங்கே உடை மாற்றுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மேடம் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கேள்வி முடியாமல் நீண்டபோது அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, சாவியை எடுத்து அந்த அறையைத் திறந்தே காட்டினார்.

நதியா அப்போதுதான் ரெய்டு முடிந்து மூச்சு வாங்க ஓடிவந்தாள். முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. அம்மாவையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா, இன்னைக்கு ஷிப்மெண்ட் இல்லையா?"

"இருக்கு," என்றாள் ராமுத்தாய்.